தூங்குகிற காதுக்கு எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

அம்பாசமுத்திரத்தில் முப்பத்திரண்டு வருடங்களாக மைக்செட் வாடகைக்கு விடுகிறேன். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், சடங்கு வீடு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். மூளைக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ஊராரின் தூக்கத்தைக் கெடுத்ததுதான். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் என் மகள் ஒருநாள், "அப்பா, தூங்கும்போது ஒலி கேட்டால் ஞாபகம் கூடுமாமே, உண்மையா?" என்று கேட்டாள். ஒலியைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றா என்று ரோஷம் வந்துவிட்டது. ஆறு மாதம் தேடிப் படித்தேன், வீட்டிலும் செய்து பார்த்தேன். செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

முதலில் எதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஞாபக சக்திக்கான ஒலி என்று யூடியூபில் மணிக்கணக்காக ஓடுபவற்றில் பெரும்பாலானவை இருகாது விம்மல் வகை. இரண்டு சுருதிப்பெட்டிகள் சரியாகச் சேராதபோது ஒலி ஏறி இறங்கி அலையுமே, அதுதான் விம்மல். இடக்காதுக்கு 400 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 400 அதிர்வு), வலக்காதுக்கு 410 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகக் கொடுத்தால், காற்றில் கலக்காமலே, மூளைக்குள் 10 ஹெர்ட்ஸ் விம்மல் ஒன்று கேட்கும். ஹெய்ன்ரிக் வில்ஹெல்ம் டோவே என்ற பிரஷ்ய இயற்பியலாளர் 1839இல் கண்டது இது. ஞாபகத்துக்கு உதவுமா என்றால், ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அப்படியும் கேட்டுத்தான் பார்ப்பேன் என்பவர்கள் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் ஓடவிட்டால் இரண்டு ஒலியும் காற்றிலேயே கலந்து, சுருதி சேராத பெட்டியின் சாதாரண விம்மலாகிவிடும். இதைக்கூடச் சொல்லாமல்தான் விற்கிறார்கள்.

அடுத்தது 40 ஹெர்ட்ஸ். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. அடுப்பில் வைத்த பாலை மறந்துவிடுகிறாள் என்பதால் இதில் எனக்கு ஆசை அதிகம் இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லீ-ஹுவே சாய் குழுவினர் 2016இல் வினாடிக்கு 40 முறை மினுக்கும் ஒளியையும், 2019இல் அதே கணக்கில் ஒலியையும் அல்சைமர் என்ற மறதி நோய் வரும்படி உருவாக்கிய எலிகளுக்குக் கொடுத்தார்கள். தினம் ஒரு மணி நேரமாக ஏழு நாள் ஒலி கேட்ட எலிகளின் மூளையில் அந்த நோயில் சேரும் அமிலாய்ட் என்ற புரதப் படிவு குறைந்தது, ஞாபகச் சோதனைகளிலும் அவை தேறின. ஆனால் அந்த ஆய்வில் ஒலித்தது 40 ஹெர்ட்ஸ் சுருதி அல்ல. கீச்சென்ற சின்னஞ்சிறு ஒலித்துணுக்கு வினாடிக்கு 40 முறை வந்தது. இணையத்தில் பலர் போடுவதோ 40 ஹெர்ட்ஸ் அடிக்குரல் உறுமல். போன் ஸ்பீக்கருக்கு அந்த உறுமலை எழுப்பவும் வலு கிடையாது. நான் சரியான துடிப்பையே தயார்செய்து போட்டேன். "ஐயா, காதுக்குள்ளே வண்டு புகுந்தது மாதிரி இருக்கிறது, நிறுத்து" என்றாள் அம்மா. நிறுத்திவிட்டேன். மனிதர்களிடம் செய்யும் சோதனைகள் மருத்துவர்களின் கண்காணிப்பில் நடப்பவை. வீட்டில் பெரியவர்களிடம் பரீட்சை பார்க்க வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள் மினுக்கும் ஒளிப்பக்கமே போகக்கூடாது.

இனி தூக்கம். என்னை உண்மையிலேயே அசத்தியது இதுதான். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் மின் அலை மிக மெதுவாக, வினாடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக, எழுந்து தாழ்கிறது. பகலில் படித்தது நிலைப்பதற்கும் இந்த அலைக்கும் தொடர்பு உண்டு. 2013இல் ஜெர்மனியில் ஙோ, பார்ன் முதலியோர் பதினொரு பேரைத் தூங்கவைத்து, அலை மேலே எழும் தருணத்தில் பிங்க் நாய்ஸ் என்ற ஒருவகை இரைச்சலைத் துளித்துளியாக ஒலிக்கவிட்டார்கள். ஒரு துளியின் நீளம் வினாடியில் இருபதில் ஒரு பங்கு. அலைகள் பெரிதாகின, தூங்குமுன் படித்த சொல் இணைகள் காலையில் அதிகமாக நினைவில் இருந்தன. பிங்க் நாய்ஸ் எங்கள் தொழிலில் பழகியதுதான், பாக்ஸைச் சரிபார்க்கப் போடுவோம். பாபநாசம் அகத்தியர் அருவியைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

அதில் வேலை செய்தது இரைச்சல் அல்ல, அது விழும் நேரம். வில்லுப்பாட்டில் புலவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்துப் பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போட்டால் கதை மேலே ஏறும். அரை நொடி பிசகினால் பாட்டே படுத்துவிடும். தூங்குபவரின் தலையில் மின்முனை ஒட்டி, அலையைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த 'ஆமாம்' போட முடியும். இரவு முழுக்க அருவிச் சத்தம் ஓடவிடுவது அது ஆகாது. இன்னொன்றும் தோன்றியது: மைக்கை பாக்ஸ் முன் நீட்டினால் ஊளையிடுகிறதே, அப்படி இந்த அலையும் ஏறிக்கொண்டே போகாதா? போகவில்லை. துளிகளைத் தொடர்ந்து கூட்டினாலும் மூளை ஓர் அளவோடு நிறுத்திக்கொள்கிறது என்று அதே குழு 2015இல் காட்டியது. 2017இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 60 முதல் 84 வயது வரையிலான பதின்மூன்று பேரிடமும் நல்ல பலன் தெரிந்தது. 2019இல் வெளியான வேறோர் ஆய்விலோ அலை வளர்ந்தும் ஞாபகம் கூடவில்லை. அதனால், இப்படி ஒலி கொடுக்கத் தலையில் மாட்டும் பட்டை என்று விளம்பரம் வந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2009இல் அதே நார்த்வெஸ்டர்னில் திரையில் 50 படங்களை வெவ்வேறு இடங்களில் காட்டி, ஒவ்வொன்றோடும் அதற்கு உரிய ஒலியைக் கேட்கவைத்தார்கள். பூனைப் படத்துக்கு மியாவ். பிறகு குட்டித்தூக்கம், ஆழ்ந்ததும் 25 ஒலிகளை மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டார்கள். எழுந்தபின் அந்த 25இன் இடங்களை மற்றவற்றைவிடச் சரியாகச் சொன்னார்கள். ஒலியே கேட்டதாக அவர்களுக்கு நினைவில்லை.

இதைப் பார்த்து மகளுக்கு நான் செய்த முறை இது. நாற்பது கேள்விகளை இரண்டு கட்டாகப் பிரியுங்கள். ஒரு கட்டைப் படிக்கும்போது மட்டும், சொற்கள் இல்லாத ஏதாவது ஓர் இசை ஓடட்டும். நான் எடுத்தது வீணை. அந்த இசையை வேறெதற்கும் போடக்கூடாது. சினிமாப் பாட்டு வேண்டாம், படம் கண்முன் வந்துவிடும். விழித்திருக்கும்போது படித்தே ஆகவேண்டும். படிக்காததைத் தூக்கத்தில் ஏற்ற எந்தப் பெட்டியும் கிடையாது. படுக்குமுன் இரண்டு கட்டிலும் தேர்வு வைத்து மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியில்தான் அதிகம். ஆகவே பிள்ளை தூங்கி முக்கால் மணி நேரம் கழித்து அதே இசையைத் தொடங்கி, அரை மணி நேரம் ஓடவிட்டால் போதும். இயர்போன் வேண்டாம், தலைமாட்டிலிருந்து நாலடி தள்ளி ஒரு சின்னப் பெட்டி. அளவுதான் உயிர். நீங்களே அந்தத் தலையணையில் படுத்து, மின்விசிறி ஓடும்போது, இசை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவிலேயே ஒலியை வையுங்கள். பூஜ்யத்திலிருந்து ஒரு நிமிடமாவது எடுத்து ஏற்றுங்கள், இறக்கும்போதும் அப்படியே. திடீரென்று தொடங்கும் ஒலிக்குத்தான் ஆள் விழிக்கும். போனில் போட்டால் நடுவில் அழைப்பு வந்து எல்லாம் பாழாகும். பழைய எம்பி3 பெட்டி நல்லது. பிள்ளை புரண்டு படுத்தால் உடனே இறக்குங்கள். முகங்களையும் பெயர்களையும் படிக்கவைத்த 2022 ஆய்வில், தூக்கம் கலையாதவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது. கலைந்தவர்களுக்கு ஒன்றும் உதவவில்லை.

காலையில் மீண்டும் தேர்வு. முதல் தடவை வீணைக் கட்டில் பதினேழு, மற்றதில் பதினாலு. மறுவாரம் பதினைந்துக்குப் பதினாறு, இசை இல்லாத கட்டு ஜெயித்தது. மூன்றாவது வாரம் மறுபடி வீணை. ஒரு பிள்ளையை வைத்து மூன்று இரவில் எதையும் நிரூபிக்க முடியாது என்று மகளே சொன்னாள்.

எந்தப் பெட்டியும் வாங்காமல் செய்யக்கூடியது, தூக்கத்தைக் காப்பது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபல்தான் வரம்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு கொடையில், பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை" என்றான், அவ்வளவுதான். நான் தலையாட்டிவிட்டு அப்படியே விட்டேன். இப்போது பத்து அடித்ததும் கமிட்டிக்காரர்கள் முறைத்தாலும் குழாய்களைக் கழற்றிவிட்டு, பந்தலுக்குள் இரண்டு சின்ன பாக்ஸை மட்டும் விடுகிறேன். உங்கள் தெருவில் யாராவது அதிகமாக வைத்திருந்தால் கமிட்டியைத் தேட வேண்டாம், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போங்கள். கைப்பிடி அவர் கையில்தான் இருக்கும்.

கொடை நடக்கும் நாட்களில் வீணைச் சோதனை வேண்டாம். எங்கள் வீட்டிலும் அந்த நாட்களில் கிடையாது. ஒலியை இறக்க வேண்டிய ஆள் அம்மன் கோயில் வாசலில் இருப்பேன்.