டெபியன் ஏறிவிட்டது, லேப்டாப் எழவில்லையா?

அக்கா 2012இல் வாங்கிய லேப்டாப் பரணில் கிடந்தது. 4 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். மாலையில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இணையம் இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியா படிக்கட்டும் என்று, அதை கிவிக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் சர்வராக மாற்ற ஆசைப்பட்டேன். லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 12 ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. பென்டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், பூட் ஆக டிஸ்க்கே இல்லை என்கிறது திரை. மூன்று முறை முதலிலிருந்து இன்ஸ்டால் செய்து பார்த்தேன். மூன்றும் வீண். நீங்கள் அந்த வழிக்கே போக வேண்டாம்.

முதலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. லினக்ஸை எழுப்பிவிடும் சிறு நிரலான கிரப்பின் மெனு வந்து, அதற்குப் பிறகு திரை கறுத்துப்போனால் கிராபிக்ஸ் தகராறாக இருக்கலாம். மெனுவில் 'இ' (E) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் வந்து நின்றால், கிரப் எழுந்துவிட்டது, தன் கோப்புகளைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். கிரப்பே வரவில்லை என்றால் லினக்ஸின் முறை இன்னும் வரவேயில்லை. லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருளான பயாஸைத்தான் கவனிக்க வேண்டும். என்னுடையது இந்த ரகம்.

அந்தக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் பூட் ஆக யூஇஎஃப்ஐ (புதியது), லெகசி (பழையது) என்று இரண்டு முறைகளும் உண்டு. இன்ஸ்டாலர் ஒரு முறையில் ஓடி, பயாஸ் இன்னொரு முறையில் இருந்தால் ஒன்றுக்கொன்று தெரியாது. எந்த முறையில் ஓடுகிறது என்பதை டெபியன் பென்டிரைவின் முதல் மெனுத் தலைப்பே சொல்லிவிடும்: ஒன்றில் 'யூஇஎஃப்ஐ' என்றும், மற்றதில் 'பயாஸ் மோட்' (அதாவது லெகசி) என்றும் இருக்கும். அதைப் பார்த்து பயாஸிலும் அதே முறையை வையுங்கள். சிக்கல் தீரும்வரை, அங்கீகாரமில்லாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்து வைப்பது நல்லது. யூஇஎஃப்ஐயே இல்லாத இன்னும் பழைய லேப்டாப் என்றால், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்காமல் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரியுங்கள். 2 டிபிக்குக் குறைந்த டிஸ்க்கில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

எனக்கு இரண்டும் ஒரே முறையில்தான், யூஇஎஃப்ஐயில்தான் இருந்தன. அப்படியும் எழவில்லை. காரணம் பிடிபட இரண்டு இரவு ஆனது. டெபியன் தன் பூட்லோடரான கிரப்பை இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் பூட் கோப்புகளுக்கென்று உள்ள சிறு பகுதி) 'டெபியன்' என்ற ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை மதர்போர்டின் நினைவகத்தில் குறித்து வைக்கிறது. பழைய பயாஸ் சிலவற்றுக்கு அந்தக் குறிப்பு கண்ணில் படாது. 'பூட்' என்ற ஃபோல்டரில், பென்டிரைவுக்கென்று ஒதுக்கிய பொதுப் பெயரில் ஒரு கோப்பு இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளும்.

சரி, அங்கேயும் ஒரு பிரதி வைத்துவிட்டால் போதும். பென்டிரைவிலிருந்து எழுப்பி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் 'ரெஸ்க்யூ மோட்' எடுங்கள். மொழி, கீபோர்டு கேள்விகளைத் தாண்டியதும் டெபியன் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் எது என்று கேட்கும். அதைக் காட்டுங்கள். தனி இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்யவா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள். அப்புறம் வரும் பட்டியலில், கிரப்பை 'ரிமூவபிள் மீடியா பாத்' இடத்தில் கட்டாயமாக நிறுவும் வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன், நீலத் திரையில் கிரப் மெனு வந்தது. நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி அதே 'டிஸ்க் இல்லை' திரை. இந்த முறை பயாஸ் கடிகாரம் 2012 ஜனவரி என்றது. பயாஸ் செட்டிங்கையும் கடிகாரத்தையும் காக்கும் சீமாஸ் பேட்டரி செத்து, சார்ஜரைக் கழற்றும்போதெல்லாம் செட்டிங் பழையபடி லெகசிக்குத் திரும்பியிருக்கிறது. லேப்டாப்பில் இந்தப் பேட்டரி பெரும்பாலும் ஒயரும் பிளக்கும் சேர்ந்தே வரும். வெறும் காசு வடிவப் பேட்டரி வாங்கி வந்துவிடாமல் பழையதைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடைசியாக, மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். டெபியனின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 'லாகின்ட்' (logind) கான்ஃபிக் கோப்பில் 'ஹேண்டில் லிட் சுவிட்ச்' (HandleLidSwitch) வரியின் முன்னாலுள்ள ஹாஷ் குறியை எடுத்து, மதிப்பை 'இக்னோர்' (ignore) என்று மாற்றிவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எங்கள் சர்வர் இப்போது மூடி சாத்தியபடி அலமாரி மேல்தட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.