முதல் ஷாப்லி பாட்டில்: வாங்குவது முதல் மறுநாள் வரை

வெள்ளை ஒயின் குடித்துப் பழக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஷாப்லிதான். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், வடக்கு ஓரமாக, செரைன் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் அது. ஷார்டனே என்ற ஒரே திராட்சை வகையில்தான் இந்த ஒயின் செய்கிறார்கள். இனிப்பு இருக்காது. குளிரான இடம் என்பதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது. புளிப்பும் கரையாமல் நிற்கிறது. அந்தப் புளிப்புதான் இதற்கு உயிர்.

முதலில் லேபிளைப் படியுங்கள். பெத்தி ஷாப்லி, ஷாப்லி, ப்ரெமியே க்ரூ, க்ரான் க்ரூ என்று கீழிருந்து மேலாக நான்கு தரப் படிகள் உண்டு. க்ரான் க்ரூ ஊருக்கு எதிரே ஒரே மலைச்சரிவில், சுமார் 100 ஹெக்டேரில் விளைவது. விலை அதிகம், பல வருடம் காத்திருந்தால்தான் மணமும் சுவையும் முழுமையாக வெளிப்படும். தொடங்குகிறவருக்கு வெறும் ‘ஷாப்லி’ போதும். அறுவடை ஆண்டு மூன்று, நான்கு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். சில ஆண்டுகளில் விலை ஏறுவதற்குக் காரணம் ஏப்ரல் உறைபனி. 2021இல் அப்படித்தான் நிறைய மொட்டுகள் கருகின. அந்த இரவுகளில் விவசாயிகள் கொடிகளுக்கு நடுவே பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றுவார்கள். சில தோட்டங்களில் விடிய விடியத் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது குளிர்விப்பது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வையுங்கள். ஊற்றுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். 10 அல்லது 11 டிகிரி சரியாக இருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் நாக்கில் சில்லிப்பு மட்டும்தான் தெரியும், ஒயின் தெரியாது. நம்ப முடியாவிட்டால் ஒரு சின்னச் சோதனை: எடுத்தவுடன் கொஞ்சம் ஊற்றி முகருங்கள், அதே கிளாஸை இருபது நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். முதலில் ஒன்றுமே இல்லாத இடத்தில் இப்போது மணம் எழுந்திருக்கும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்; மணம் தங்க இடம் வேண்டும். பாட்டில் அடியில் வெள்ளைப் படிகங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் படிந்த திராட்சை அமிலத்தின் உப்பு அது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால்தான் கார்க் கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

சரி, இப்போது கிளாஸை லேசாகச் சுழற்றி முகருங்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், அப்புறம் மழை பட்ட சுண்ணாம்புக்கல் மாதிரி ஒன்று. அங்கே மண்ணில் சுமார் 15 கோடி வருடப் பழமையான சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைய உண்டு. ஆனால் கல்லின் சுவை வேர் வழியாக அப்படியே ஏறி வருவதில்லை. நல்ல புளிப்பும், மரப்பீப்பாய் மணம் ஏறாத ஸ்டீல் தொட்டியும் சேர்ந்துதான் அந்தச் சுத்தமான உணர்வைத் தருகின்றன என்பது என் எண்ணம்.

ஒரு மிடறு எடுத்து வாயில் சில நொடி வைத்திருந்து விழுங்குங்கள். நாக்கின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் அதுதான் புளிப்பு. விழுங்கிய பிறகு சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணி, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடச் சாப்பிட சிப்பி, உப்பிட்டு வாட்டிய இறால், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் பொருந்தும். காரமும் இனிப்பும் வேண்டாம். இரண்டுமே இதன் மெல்லிய மணத்தை அமுக்கிவிடும்.

மீதி இருந்தால் கார்க்கைத் திருப்பிச் செருகி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். மறுநாள் மாலை ஒரு சின்னக் கிளாஸ் ஊற்றி, முந்தைய நாள் குறிப்போடு ஒப்பிடுங்கள். எனக்குப் பல முறை இந்த இரண்டாவது நாள் கிளாஸ்தான் அதிகம் பிடித்திருக்கிறது.