சூடும் பிளாஸ்டிக்கும் சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுகிறார்களே, அங்கேதான் முதலில் கைவைக்க வேண்டும். பிளாஸ்டிக் சாதாரணமாகவே கொஞ்சம் உதிரும். சூடு பட்டால் பல மடங்கு உதிரும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துகள்தான் நுண்பிளாஸ்டிக். ரத்தம்வரை போவது கண்ணுக்கே தெரியாது.

2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. 2024இல் வெளியான இத்தாலிய ஆய்வு, கழுத்துத் தமனி அடைப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 150 பேரின் அடைப்பில் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு அடுத்த 34 மாதங்களில் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம் நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் அலட்சியப்படுத்தும் எண்ணும் அல்ல. உடம்பிலிருந்து பிளாஸ்டிக்கை 'வெளியேற்றும்' பொடி, கஷாயம் எதற்கும் ஆதாரம் கிடையாது. அந்தக் காசுக்கு ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கிப் பார்சலுக்கு எடுத்துப்போங்கள்.

பேப்பர் கப்பின் உட்புறம் வெறும் காகிதம் இல்லை, பெரும்பாலும் பாலிஎதிலீன் படலம். ஐஐடி கரக்பூர் ஆய்வில் 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் நின்றதும் சுமார் 25,000 துகள்கள் கலந்திருந்தன. டீயைக் கண்ணாடி கிளாஸில் கேளுங்கள். 'மைக்ரோவேவ் சேஃப்' டப்பா வளையாது, உருகாது, அவ்வளவுதான். உதிராது என்று அர்த்தமில்லை.

பால்புட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த புட்டியில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு 1.6 கோடி துகள்கள்வரை உதிர்வதை 2020இல் டப்ளின் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால் புட்டியைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்தபின், கொதித்து ஆறிய நீரால் மூன்று முறை அலசிக் கொட்டுங்கள். பால்பவுடரை எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரையுங்கள். அதற்கான நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் பவுடரில் உள்ள கிருமி சாகாது. ஆறிய பிறகே புட்டியில் ஊற்றுங்கள். மிச்சப் பாலைப் புட்டியோடு சூடாக்கவே வேண்டாம். கண்ணாடிப் புட்டியானால் உதிர்வுக் கவலை இல்லை.

குடிநீர் விஷயத்தில், நாம் திட்டும் போர்வெல் உப்புத்தண்ணீருக்கு ஒரு நன்மை உண்டு. கடின நீர் கொதிக்கும்போது பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கால்சியம் கார்பனேட், துகள்களையும் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. 2024இல் சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் பார்த்தது: லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில் நுண்பிளாஸ்டிக் 90 சதவீதம்வரை நீங்கியது, மென்னீரில் 25 சதவீதம்தான். ஆகவே கால்சியம் குறைந்த ஆர்ஓ நீரில் இந்த உத்தி பெரிதாகப் பலிக்காது.

செய்முறை சுலபம். எவர்சில்வர் பாத்திரத்தில் 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். கலக்காமல், நெருக்கமாக நெய்த பருத்தித் துணியிலோ காபி ஃபில்டர் பேப்பரிலோ வடிகட்டுங்கள். பாலியஸ்டர் துணி தானே நூல் உதிர்க்கும். அடியில் நிற்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆறியதும் பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றினால் பாதி வேலை வீண். பாத்திரத்தில் படிந்த வெள்ளையை எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு ஊறவைத்துத் தேயுங்கள். அந்தத் துகள்களெல்லாம் அந்தப் படிவில்தான் இருக்கின்றன.