கருமாதி முடிந்த கையோடு பிள்ளையின் பெட்டியைக் கட்டாதீர்கள்

தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தெருவே திரண்டு வருவது நம் ஊர்களில் புதிதல்ல. அடுப்பு எரியாத வீட்டுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போகும். பந்தல்காரர் பாதிக் காசுதான் வாங்குவார். மகளிர் குழு அந்த மாதத் தவணையைக் கேட்காது. மனசுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மனசோடு புதிதாக இறங்கும் இளைஞர் மன்றத்தாரும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் செய்கிற தவறுகள் ஊருக்கு ஊர் அச்சு மாறாமல் இருக்கின்றன. பிள்ளை முன்னால் சொத்துச் சண்டை போடக் கூடாது என்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாதி உண்மை சொல்வது

"அப்பா வெளியூர் போயிருக்கார்" என்று சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது "சாமி கூட்டிக்கிட்டார்", "தூங்கிட்டார்" வந்திருக்கின்றன. நான்கு வயதுப் பிள்ளை இதைச் சொல்லுக்குச் சொல் நம்பும். அடுத்த வாரம் கோயிலுக்குள் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும், மதியம் அம்மா கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்பும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அப்பா இறந்துட்டார். அவரோட இதயம் நின்னுடுச்சு. இனிமே அவருக்கு மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டார். நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆறேழு வயதில், தான் கோபத்தில் சொன்ன ஒரு சொல்தான் ஆளைக் கொன்றுவிட்டது என்று நம்புவது சாதாரணம். பிள்ளையோடு மிக நெருங்கியவர், உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். சொற்களை மாற்றினால் செய்தி மாறிவிட்டதாக நினைப்பார்கள்.

தற்கொலையாக இருந்தால் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். தெரு மூடிக்கொள்ளாது. பள்ளி வேனில் இன்னொரு பையன் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிவது மேல். எப்படி என்ற விவரம் வேண்டாம். "அப்பாவுக்கு மனசுல ரொம்ப பெரிய நோய் இருந்துச்சு, அதுல அவரே தன் உயிரை எடுத்துக்கிட்டார்" என்பது எட்டு வயதுக்குப் போதும்.

கொள்ளிக்குடத்தைத் திடீரென்று தோளில் ஏற்றுவது

பத்து வயதுப் பையனை உட்காரவைத்துத் தலையை மழிக்கிறார்கள், ஈர வேட்டி கட்டுகிறார்கள், தோளில் குடம் வைக்கிறார்கள். சுற்றுக்கு ஒரு முறை பின்னால் ஒருவர் குடத்தில் ஓட்டை போடுவார், மூன்றாவது சுற்று முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போட வேண்டும், பிறகு கையில் நெருப்பைத் தருவார்கள் என்பதை யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சடங்கு அவனைப் பயமுறுத்துவதைவிட, அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் அதிகம் பயமுறுத்துகிறது.

புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருவர் அவனைத் தனியே கூட்டிப்போய் வரிசையாகச் சொல்லட்டும். அந்த ஆள் மயானத்தில் வேறு வேலை எதுவும் பார்க்கக் கூடாது, அவன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "என்னால முடியல" என்று எந்தக் கட்டத்தில் சொன்னாலும் சித்தப்பாவோ மாமாவோ வாங்கிச் செய்யலாம் என்று வெட்டியானிடமும் பெரியவர்களிடமும் முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் சண்டைதான் வரும்.

பெண் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்காரவைத்துவிடுகிறார்கள். முகம் பார்க்க வேண்டுமா, பூப் போட வேண்டுமா என்று அவர்களிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

பதினாறாம் நாள் பஞ்சாயத்து

எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், இவ்வளவு பெரிய கெடுதலை இவ்வளவு வேகமாகச் செய்யும் காரியம் வேறு இல்லை.

கருமாதி சாப்பாடு முடிந்திருக்கும். சாயங்காலப் பஸ்ஸுக்கு முன் பேசி முடிக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். "அவ ஒருத்தி ரெண்டு பிள்ளையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா? பெரியவனை ஹாஸ்டல்ல போட்டுடலாம், இலவச சீட்டுக்கு நான் பேசறேன். சின்னவ பெரியம்மாகிட்ட இருக்கட்டும்." கூட்டத்துக்கு நிம்மதி. அந்தப் பெண் பதினாறு நாளாகச் சரியாகத் தூங்காதவள், தலையை ஆட்டுவாள். பிள்ளைகள் உள் அறையில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த முடிவு அன்றைக்கு எடுக்கப்படுவதற்கு ஒரே காரணம், முடிவெடுக்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இருப்பதுதான். பிள்ளைக்கு அது தோதான நாளா என்று யாரும் யோசிப்பதில்லை. அப்பாவை இழந்த பையன் அதே மாதத்தில் அம்மாவை, தங்கையை, தெருவை, வகுப்பு நண்பனை, தான் படுக்கும் மூலையை எல்லாம் இழக்கிறான். தன்னை ஏன் அனுப்புகிறார்கள் என்பதற்கு அவன் கண்டுபிடிக்கும் காரணம் "நான் பாரம்" அல்லது "நான் ஏதோ தப்பு செஞ்சுட்டேன்" என்பதாகத்தான் இருக்கும். ஹாஸ்டலில் அமைதியாக இருப்பான். "நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டான்" என்று வார்டன் போனில் சொல்வார். லீவுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, கல்வியாண்டின் நடுவில் அங்கே இடம் இல்லை, பேசி வாங்கிக் கொடுத்தவருக்கும் கோபம். பிரிந்த அண்ணன் தங்கை அதற்குப் பிறகு ஒரே வீட்டில் சேர்ந்து வளராமலே போய்விடுவதும் உண்டு.

இன்னொரு இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளைகள் போன பிறகு அந்தத் தாய் எதற்காக எழுந்து சமைப்பாள்?

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. வறுமையால் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போகாமல் இருக்கத்தான் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு இருக்கிறது. கணவனை இழந்த தாயோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் ₹4,000 கிடைக்க வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் ₹72,000, மற்ற இடங்களில் ₹96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இலவச சீட்டுக்குப் பேசுகிற அதே மாமா இந்த மனுவோடு ஒரு நாள் அங்கே போய் வரலாம்.

பதினாறாம் நாள் வட்டமாக உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் வேறு கணக்கைப் போடுங்கள். முதல் ஒரு வருடத்துக்கு வீடு, பள்ளி, படுக்கும் இடம் மூன்றும் மாறாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அந்த வீட்டின் மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள்: வாடகை, அரிசி மளிகை, பால், பள்ளிக் கட்டணம், வேன், மருந்து, குழுக் கடன். வரவை எதிரே எழுதுங்கள். துண்டு விழும் தொகை தெரியும். அதை யார் யார், எத்தனை மாதம், எந்தத் தேதியில் அம்மாவின் கணக்கில் போடுவது என்று பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். "பாத்துக்கலாம்" என்று சொன்னவர் பெயரைச் சேர்க்காதீர்கள். அடுத்து வேலைகள்: காலையில் பள்ளிக்கு விடுவது யார், மாலை நாலரையிலிருந்து அம்மா வேலை முடிந்து வரும் வரை யார் வீட்டில். ஒரு வேலைக்கு ஒரே ஆள். மூன்று பேர் சேர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் வியாழக்கிழமை யாரும் வர மாட்டார்கள்.

அனுப்பியே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. வீட்டில் அடி உதை, பெரியவர் யாருமே இல்லாத நிலை, இருக்கும் ஒருவருக்கும் கடும் நோய். அப்போதும் முதலில் பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய உறவினர் வீடு, அதுவும் அண்ணன் தங்கை சேர்ந்து. இல்லம்தான் வழி என்றால் மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழு மூலமாக மட்டும். பதிவு பெறாத இல்லத்தில் "தெரிஞ்ச ஆளு நடத்தறார்" என்று விடக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். போகும் நாளையும், யார் எந்தக் கிழமை பார்க்க வருவார்கள் என்பதையும் பிள்ளையிடம் முன்னதாகச் சொல்லி, சொன்னபடி போங்கள்.

"இனி நீதான் இந்த வீட்டு ஆம்பளை"

சொல்லாதீர்கள். அவனுக்குப் பதினொரு வயது.

"அம்மா மேல இருந்து பாத்துக்கிட்டிருக்கா"

ஆறுதலாகச் சொன்னால் சரி. வீட்டுப்பாடம் எழுதவைக்கச் சொன்னால் அது மிரட்டல்.

அழுத பிள்ளை பத்து நிமிஷத்தில் விளையாடப் போவது

இயல்பு. விடுங்கள்.

போனைச் சும்மா விடுவது

இறந்தவரின் துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிடுகிற அவசரத்தில் பிள்ளைகளைக் கேட்பதே இல்லை. ஆளுக்கு ஒன்று, அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பழைய சட்டையைத் துவைக்காமல் கொடுங்கள், வாசனைக்காகத்தான் கேட்பார்கள்.

அதைவிட அவசரம் இறந்தவரின் போன். சில மாதம் ரீசார்ஜ் இல்லாவிட்டால் எண் போய்விடும், பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு அழிக்கப்படும். முதல் மாதத்துக்குள் குரல் பதிவுகளையும் வீடியோக்களையும் ஒரு பென்டிரைவிலும் இன்னொரு போனிலும் ஏற்றுங்கள். போனின் பூட்டு எண் பெரும்பாலும் பிள்ளைக்குத்தான் தெரிந்திருக்கும்.

பள்ளி திரும்பும் நாள்

பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளையை முன்னால் நிறுத்தி மௌன அஞ்சலி வேண்டாம். வகுப்பாசிரியர் முந்தின நாளே வீட்டுக்குப் போய், வகுப்பில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று பிள்ளையையே கேட்கட்டும். கதவோரம் இடம், அழுகை வந்தால் கேட்காமலே ஒரு நண்பனோடு வெளியே போகும் அனுமதி, வெளியே போனால் உட்கார ஓர் இடம் இருந்தால் முதல் வாரம் ஓடிவிடும். "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்பதைப் பாட ஆசிரியர்கள் எல்லோரும் நிறுத்த வேண்டும். காலையில் வரும் வயிற்றுவலியை நடிப்பு என்று திட்டாதீர்கள், வலி நிஜம். மதிப்பெண் சரிவு அந்தப் பரீட்சையில் தெரியாமல் அடுத்த பரீட்சையில் தெரியலாம்.

காகிதங்கள்

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வீட்டில் இறந்திருந்தால் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடும்போது "சின்னப் பிள்ளைதானே" என்று பெயரை விட்டுவிடுகிறார்கள். பின்னால் அதைச் சேர்க்க அலைவது பெரும்பாடு. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்திருந்தால், தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு ₹75,000 உண்டு. தலைமையாசிரியர்தான் அனுப்ப வேண்டும், அவருக்கே நினைவூட்ட வேண்டியிருக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ₹20,000. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் ₹2,000.

திரட்டிய பணத்தைக் கொடுக்கும்போது பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். அடுத்த நாள் வகுப்பில் அந்தப் படத்தோடுதான் அவன் உட்கார வேண்டும். பிள்ளையின் பங்கு நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. முதல் மாதத்தில் அந்தத் தாயிடம் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துக் கேட்பவரைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

மூன்றாம் மாதம் காணாமல் போவது

முதல் வாரம் வந்த இட்லியில் பாதி வீணாகிறது. மூன்றாம் மாதம் ஒரு டிபன் பாக்ஸ்கூட வராது. சாப்பாடு கொடுப்பவர்களை வாரத்துக்கு இரண்டு வேளை என்று மூன்று மாதத்துக்குப் பிரித்துவிடுங்கள். காலண்டரில் இறந்தவரின் பிறந்தநாள், பிள்ளையின் பிறந்தநாள், முதல் தீபாவளி, பொங்கல், தலைத்திவசம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றையும் குறித்து, அன்றைக்கு யார் போவது என்றும் எழுதுங்கள். உளவியலாளர் வில்லியம் வோர்டன் அமெரிக்காவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தபோது, சிலருக்குச் சிக்கல் இரண்டாம் வருடத்தில்தான் தெரிய வந்தது. காலண்டர் இரண்டு வருடத்துக்கு வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் கவுன்சலிங்

தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிலையான ஒரு பெரியவரும் மாறாத அன்றாடமும் போதும். ஆறு மாதம் தாண்டியும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனால், பள்ளியை அறவே நிறுத்தினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். "நானும் அப்பாகிட்ட போகணும்" என்று சொன்னால் ஆறு மாதம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே, "போய் என்ன பண்ணணும்னு நினைக்கிறே?" என்று நேராகக் கேளுங்கள். சிறு பிள்ளைகளில் பலர் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள். சாவதைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எடுத்துப் பூட்டுங்கள், மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸையோ மருத்துவ உதவி எண் 104-ஐயோ அழைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.