செதுக்கிய ஆட்டை யாரிடம், எப்போது காட்டுவது?

மரச் செதுக்கு வேலை பழகத் தொடங்கியவர்களில் பலர், சொந்தக் கற்பனையில் ஓர் உருவத்தைச் செய்து, உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷும் அடித்த பிறகுதான் பிறரிடம் காட்டுகிறார்கள். "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கிறது. பார்ப்பவருக்கு வேறு என்ன சொல்ல மனம் வரும்? குறை கண்ணில் பட்டாலும் திருத்துவதற்கு மரம் இல்லை. கருத்துக் கேட்க வேண்டிய நேரம், கட்டையில் மரம் மிச்சம் இருக்கும் நேரம். அதற்கேற்ப வேலையைப் பிரித்துச் செய்யும் முறையை, படுத்திருக்கும் ஒரு வெள்ளாட்டை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

படி 1: கட்டையும் வரைபடமும்

நிற்கும் ஆட்டின் கால்கள் மெல்லியவை. பழகாத கைக்கு உடைந்துவிடும். கால்களை மடித்துப் படுத்த ஆடு ஒரே திரளாக இருப்பதால் பயமின்றிச் செதுக்கலாம். 15 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம் உள்ள கட்டை போதும். மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் திசை, ஆட்டின் தலையிலிருந்து வால் நோக்கி இருக்கட்டும். காதுகளைக் கழுத்தோடு ஒட்டியே விடுங்கள். ரேகைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் எந்த மெல்லிய பகுதியும் கை தவறினால் ஒடியும்.

குமிழ் மரம் கிடைத்தால் நல்லது; மென்மையானது, வெளிர் நிறம், பென்சில் கோடு தெளிவாகத் தெரியும். வாகை அதைவிடக் கடினம். அதன் தூள் தும்மலைக் கிளப்பும் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்தோற்றம், மேல்தோற்றம் இரண்டையும் தாளில் வரைந்து கட்டையில் படியெடுங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: பருவெட்டோடு நிறுத்துங்கள்

ரம்பத்தால் ஓரங்களை அறுத்து, அகல உளியாலும் கொட்டாப்புளியாலும் (மரச்சுத்தியல்) பெரிய வடிவத்தை மட்டும் எடுங்கள். எல்லாப் பக்கமும் 3 முதல் 4 மி.மீ. மரம் கூடுதலாக இருக்கட்டும். மூக்கிலும் கொம்பிலும் இன்னும் கொஞ்சம் விடுங்கள். கண்ணைத் தொடவே தொடாதீர்கள். முகத்தைச் செதுக்கும் ஆசை இந்த இடத்தில்தான் பிடித்து இழுக்கும். முகம் வந்துவிட்டால் பார்ப்பவர் அனைவரும் முகத்தை மட்டுமே பார்ப்பார்கள், உடலின் கோணல் தப்பித்துவிடும்.

படி 3: முதலில் உங்கள் கண்ணால்

அறையின் மேல்விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசை மட்டத்தில் வைத்து ஆட்டின் மேல் பக்கவாட்டில் ஒளி விழச் செய்யுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த முதுகு, இப்போது மேடும் பள்ளமுமாகத் தெரியும். விலாவில் ஓரிடத்தில் நார்கள் பிய்ந்து சொரசொரவென்று நிற்கிறதா? அங்கே ரேகைக்கு எதிராக வெட்டியிருக்கிறீர்கள், அல்லது உளி மழுங்கியிருக்கிறது. சாணைக்கல்லிலும் தோல் பட்டையிலும் தீட்டிய உளியால், எதிர்த் திசையிலிருந்து ஒரு மெல்லிய சீவல் எடுத்துப் பாருங்கள். பிய்ந்த இடம் மறைந்து, வெட்டிய இடம் லேசாக மினுங்கினால் கோளாறு தீர்ந்தது.

அடுத்து, ஆட்டைக் கண்ணாடி முன் வைத்துப் பிம்பத்தைப் பாருங்கள். பல நாள் பார்த்துப் பழகிய கண் மன்னித்துவிட்ட சாய்வு, பிம்பத்தில் தெரிந்துவிடும்.

படி 4: யாரிடம் காட்டுவது?

என் கருத்தில் மூன்று பேர் வேண்டும். மூவரும் மூன்று விதமாகப் பார்ப்பார்கள்.

முதலாமவர், ஆடு வளர்ப்பவர். செதுக்கத் தொடங்கியவர்கள் இவரை நினைப்பதே இல்லை. எனக்கோ இவர்தான் முக்கியம். உளியைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும், ஆடு எப்படிப் படுக்கும் என்பது அவருக்குத் தெரியும். முன்னங்கால்களை முதலில் மடக்கி, அதன் பிறகே பின்பாகத்தை இறக்கும். பின்னங்காலின் நடுமூட்டு பின்பக்கம் துருத்தும். வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும், வாலைத் தொங்கவிட்டால் "இது செம்மறியா?" என்றுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் போகலாம்.

இரண்டாமவர், மரச்சிற்பம் செய்பவர். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே போக முடியாவிட்டால், உங்கள் ஊரில் கதவுக்குப் பூவேலை செய்யும் ஆசாரியிடம் கேளுங்கள். முன்கூட்டியே சொல்லி, வேலை நெருக்கடி இல்லாத நேரத்தில் போங்கள். உங்கள் உளிகளையும் ஒரு துண்டு மரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "ஐயா, இந்த இடத்தை நீங்கள் எப்படி வெட்டுவீர்கள்?" என்று கேட்டு மரத்தை நீட்டுங்கள். வாயால் விளக்கச் சிரமப்படுபவர்கூட உளியை எடுத்து வெட்டிக் காட்டிவிடுவார். அவர் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று கவனியுங்கள்.

தெய்வ உருவத்தோடு போனால் அவர் பார்வை வேறாக இருக்கும். முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக, 12 அங்குலமாகக் கொண்டு அளக்கும் மரபு அது. இந்த அங்குலம் இஞ்ச் அல்ல, சிலையின் அளவுக்கேற்ப மாறும் அலகு. நவதாளம் என்ற அளவு முறைக்கு 108 அங்குலம், உத்தம தச தாளம் என்ற முறைக்கு 124 அங்குலம் என்று உயரமே கணக்காக வரும். அங்கே உங்கள் கற்பனைக்கு முன் அளவு பேசும். சொந்தக் கற்பனைக்குக் கருத்து வேண்டுமென்றால் ஆடு, காகம், பாட்டி என்று கண்முன் இருப்பதில் தொடங்குவது மேல்.

மூன்றாமவர், இரண்டும் அறியாத ஒருவர். அவரிடம் "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். நாய் என்று சொன்னால் விவாதிக்க வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: எப்படிக் கேட்பது?

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பாராட்டுதான் வரும். "கண் எந்த இடத்தில் தடுக்கிறது?" என்று கேளுங்கள். கையில் பென்சிலைக் கொடுத்து, ஆட்டின் மேலேயே குறிக்கச் சொல்லுங்கள். வார்னிஷ் அடிக்காமல் வைத்திருப்பது இதற்கும்தான். வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள். பிழை வரைந்ததிலா, வெட்டியதிலா என்பது அப்போதுதான் பிரியும். கழுத்து தாளிலேயே குட்டையாக இருந்தால் உளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

படம் எடுத்துத்தான் அனுப்ப முடியும் என்றால், கைபேசியை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். மூக்கு பெருத்து, உடல் சிறுத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். முன், பின், இரு பக்கம், மேல் என ஐந்து கோணங்கள் வேண்டும். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

படி 6: சொன்னதை வெட்டாக மாற்றுவது

மரத்தில் எடுக்கலாம், சேர்க்க முடியாது. "மூக்கைப் பெரிதாக்கு" என்று ஒருவர் சொன்னால், மூக்கைத் தொடாமல் இரு கன்னங்களையும் தாழ்த்த வேண்டும். "கொம்பு குட்டை" என்றால் நெற்றியை இறக்க வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் எங்கே மரம் எடுக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எடுக்க மரம் இல்லாத கருத்துகளைத் தனியே எழுதி வையுங்கள். அவை அடுத்த ஆட்டுக்கு. இருவர் முரணாகச் சொன்னால், உடலமைப்பில் ஆட்டுக்காரர் சொல்லையும் வெட்டில் ஆசாரி சொல்லையும் கேட்பேன்.

திருத்தங்கள் முடிந்த பிறகே கண்ணும் கொம்பின் வரிகளும். வெட்டுத் தடங்களை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்துவிடாதீர்கள். கூர்மையான உளியின் தடம் ஆட்டு மயிருக்கு நன்றாகவே பொருந்தும். கடைசியாக, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லப் பூசுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.