கார்டை எங்கே கோட்டை விடுகிறோம்? ஜியு-ஜிட்சுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கார்டு நிக்கவே மாட்டேங்குது." ஜியு-ஜிட்சுவுக்குப் புதிதாக வந்த வெள்ளை பெல்ட்காரர்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். பெங்களூரு கோரமங்களாவிலோ இந்திராநகரிலோ சாயங்கால வகுப்பு முடிந்து, வாசலில் செருப்பு தேடும் கும்பலில் தமிழ் பேசுகிறவர்கள் நாலு பேர் இருந்தால், இரண்டு பேராவது இதைச் சொல்வார்கள். காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: கால் குட்டை, இடுப்பு வளையாது, காலையிலிருந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்த உடம்பு, எதிராளி 90 கிலோ. இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் நான் பார்த்தவரையில் முக்கால்வாசி கார்டுகள் தாமதத்தால்தான் போகின்றன. பாஸ் தொடங்கிய பிறகு நமக்கு விழிப்பு வருகிறது.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கீழே இருப்பவர் தன் கால்களை எதிராளிக்கும் தனக்கும் நடுவே வைத்திருக்கும்வரை அது கார்டு. அந்தக் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து எதிராளி அமுக்கிவிட்டால் பாஸ். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி, தாண்டிய நிலையை 3 விநாடி நிறுத்திக் காட்டினால் அவருக்கு 3 புள்ளி. கீழேயிருந்து அவரைப் புரட்டி மேலே வந்தால் நமக்கு 2 புள்ளி.

பிடி விழும்போது வேடிக்கை பார்ப்பது

கார்டுக்கு மூன்று அடுக்கு உண்டு. முதலாவது பாதங்கள். அவை அவர் இடுப்பிலோ, கைத்தசையிலோ, தோளிலோ இருக்கும். இரண்டாவது முழங்காலும் ஷின் எலும்பும். மூன்றாவது முன்கைகள். மூன்றையும் தாண்டி அவர் நெஞ்சு நம் நெஞ்சில் ஒட்டிவிட்டால், அதற்குப் பிறகு நடப்பது சைடு கன்ட்ரோலிலிருந்து, அதாவது பக்கவாட்டு அமுக்கலிலிருந்து, தப்பிக்கும் வேலை. அது வேறு பாடம், மூச்சு முட்டும் பாடம். நம்மில் பலர் மூன்றாவது அடுக்கில்தான் சண்டையையே ஆரம்பிக்கிறோம்.

டொரியாண்டோ பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நின்றபடி நம் இரண்டு முழங்கால் பக்கத்திலும் பேன்ட் துணியை இறுகப் பிடிக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? அவர் எந்தப் பக்கம் ஓடப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் காலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபக்கம் வந்த பிறகு பதறி அடித்துக்கொண்டு கையை நீட்டுகிறோம். ஆனால் இரண்டு பிடியும் விழுந்தபோதே பாஸில் பாதி முடிந்துவிட்டது. அந்த நொடியில் ஏதாவது செய்திருக்க வேண்டும். அவருடைய ஒரு கையின் சட்டை நுனியை நம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து நீட்டி, முழங்காலைப் பின்னால் இழுத்தால் அந்தப் பிடி கழன்றுவிடும். அல்லது எழுந்து உட்கார்ந்து அவர் காலரைப் பிடியுங்கள். கி என்ற தடித்த சீருடை இல்லாமல் ஆடும் நோ-கியில் பிடிக்கத் துணி கிடையாது, கணுக்காலைப் பிடிப்பார். பாதத்தை வட்டமாகச் சுழற்றி மறுபடி உள்பக்கம் கொண்டுவர வேண்டும். இரண்டு பிடியையும் கழற்ற நேரமில்லை என்றால் ஒன்றையாவது கழற்றுங்கள். ஒரு கையால் டொரியாண்டோ போடுவது அவருக்கு லேசில்லை.

மல்லாக்கப் படுப்பது

இரண்டு தோள்பட்டையும் மேட்டில் (பயிற்சி விரிப்பில்) ஒட்ட, தலையும் கீழே கிடக்க மல்லாக்கப் படுத்துவிட்டால் இடுப்பு திரும்பாது. எதிராளி கிராஸ்ஃபேஸ் போட்டு, அதாவது தோளால் நம் தாடையைத் திருப்பி, மெனக்கெட்டு உண்டாக்க நினைக்கும் நிலை இதுதான். அதை நாமே தாம்பூலம் வைத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு பக்க இடுப்பில் சாய்ந்திருங்கள், இல்லையென்றால் முதுகை வளைத்துத் தலையைத் தூக்கி வையுங்கள். அவர் எந்தப் பக்கம் சுற்றினாலும் நம் தொப்புள் அவரைப் பார்க்க வேண்டும். வகுப்பில் சொல்லித்தரும் நூறு டெக்னிக்கில் எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

கையால் தள்ளுவது

கனமான ஆள் மேலே வந்தால் கை தானாக நீண்டு அவர் நெஞ்சைத் தள்ளும். யாருக்கும் வரும் உள்ளுணர்வு அது. ஆனால் நீட்டிய கை, தோளை முறுக்கும் கிமுராவுக்கும் முழங்கையை நேராக நீட்டி அழுத்தும் ஆர்ம்பாருக்கும் அழைப்பு. அதுவும் போக, தள்ளுவது தசை வேலை, இருபது விநாடியில் கை ஓய்ந்துவிடும். ஃப்ரேம் என்பது எலும்பை முட்டுக்கொடுப்பது. முழங்கையை மடக்கி, ஒரு முன்கையை அவர் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே வைத்து, இன்னொன்றை இடுப்பெலும்பில் ஊன்றுகிறோம். அவர் எடை நம் எலும்பு வழியாக மேட்டுக்கு இறங்கிவிடும். அப்புறம் அவரை நகர்த்தப் பார்க்காமல் நாம் நகர வேண்டும். 90 கிலோவைத் தள்ளுவதைவிட நம்முடைய 65 கிலோவை நகர்த்துவது சுலபம்.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடும் இடம் முழங்கை. சனிக்கிழமைக் காலை வகுப்பில் அல்சூர்ப் பையன் ஒருவன் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப பாஸ் வாங்கிக்கொண்டிருந்தான். ரவுண்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, எனக்குக் கால் குட்டை. கார்டெல்லாம் நமக்கு செட் ஆகாது."

"காலை விடுடா தம்பி. முழங்கை எங்க இருக்குன்னு பாரு."

முழங்கை விலாவிலிருந்து ஒரு ஜாண் தள்ளி இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் எதிராளியின் கை ஒவ்வொரு தடவையும் அக்குளுக்கு அடியில் நுழைந்து அண்டர்ஹுக் எடுத்தது. அதற்குப் பிறகு பையனால் திரும்ப முடியவில்லை. அதே பாஸை மெதுவாக மறுபடி செய்யச் சொன்னோம். இந்த முறை முழங்கையும் முழங்காலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை. அவர் இடப்பக்கம் வந்தார், வலப்பக்கம் வந்தார், கை நுழைய இடமே இல்லை. கடைசியில் முட்டிபோட்டு உட்கார்ந்து, "குரு, வேற ஏதாவது பண்ணணும் இவனுக்கு" என்றார். பையனின் கால் நீளம் அப்படியேதான் இருந்தது.

கால் குட்டை என்று சொல்பவர்கள் பிரேசில் வீரர் மார்செலோ கார்சியாவின் பழைய ஆட்டங்களைப் பார்க்கலாம். நெட்டையான ஆள் இல்லை. ஏடிசிசி என்ற பெரிய நோ-கி போட்டியில் தன் எடைப்பிரிவில் நான்கு முறை தங்கம் வென்றவர். படுத்துக்கிடக்காமல் உட்கார்ந்தே ஆடும் பட்டர்ஃபிளை கார்டும், எழுந்து நிற்பவரின் காலுக்கடியில் போகும் எக்ஸ் கார்டும் அவருடைய ஆயுதங்கள்.

ஷ்ரிம்ப் போட்டுவிட்டு சும்மா இருப்பது

வார்ம்-அப்பில் மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லோரும் ஷ்ரிம்ப் போடுகிறோம். இடுப்பைத் தூக்கிப் பின்னால் தள்ளுகிறோம், கால் நீட்டுகிறோம், மறுபடி தள்ளுகிறோம். பழக்கம் அப்படியே ரோலிலும் (பயிற்சி ஆட்டத்திலும்) வந்துவிடுகிறது. இடுப்பைத் தள்ளி இடைவெளி உண்டாக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறோம். எதிராளி சும்மா இருப்பாரா? அதே இடைவெளியில் இன்னும் ஒட்டி வந்து உட்காருகிறார். இடுப்பு பின்னால் போகிற அதே மூச்சில் முழங்கால் உள்ளே வந்தாக வேண்டும். பயிற்சியிலேயே இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள்.

எந்தக் கால் உள்ளே வருவது என்பதிலும் குழப்பம் உண்டு. அவர் நம் இடப்பக்கம் வந்துவிட்டால், பெரும்பாலும் நம் இடது கால் அவர் பிடியில் மாட்டியிருக்கும். அதை மீட்கத்தான் நாம் மல்லுக்கட்டுவோம். வலது கால் வேலையில்லாமல் கிடக்கும். அந்தத் தூரத்துக் காலைக் குறுக்கே கொண்டுவந்து அவர் நெஞ்சுக்கும் தோளுக்கும் முன்னால் வைத்தால் அவர் முன்னேறுவது நிற்கும். நின்ற பிறகு இடுப்பைத் தள்ளி இடது காலை உள்ளே இழுக்கலாம். கையில் தோள் ஃப்ரேம் இருந்தால்தான் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும். ஃப்ரேம் இல்லாமல் காலை மட்டும் ஆட்டினால் பலன் இல்லை.

நீ கட் (knee cut) வரும்போது காலையே பார்ப்பது

நீ கட் பாஸில் அவர் முழங்கால் நம் தொடைக்குக் குறுக்கே சறுக்கிக்கொண்டு தரைக்கு வரும். கண் அந்த முழங்காலிலேயே இருக்கும். ஆனால் ஜெயிப்பதும் தோற்பதும் மேல் உடம்பில். நம்மை மல்லாக்கப் போட அவருக்கு அண்டர்ஹுக் வேண்டும், நம் கீழ்ப்பக்கக் கையை மேலே இழுக்க வேண்டும். அதனால் அவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் இருந்துகொண்டு, மேல்பக்கக் கையை நாமே முதலில் அவர் அக்குளுக்கு அடியில் நுழைக்க வேண்டும். முடியாவிட்டால் அவர் கைத்தசையில் தடுத்து நிறுத்த வேண்டும். அதற்கும் முன்னாலேயே மேல் முழங்காலை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துவிட்டால் இவ்வளவு தொல்லையும் இல்லை.

பயத்தில் இரண்டு கையாலும் அவர் தலையைக் கட்டிப்பிடிப்பவர்கள் உண்டு. பிடித்த மாதிரி தைரியமாக இருக்கும். அவருக்கோ இரண்டு அண்டர்ஹுக்கும் இலவசம்.

குப்புறத் திரும்பி ஓடுவது

குஸ்தி பழகிவிட்டு வருபவர்களிடம் இது அதிகம். அங்கே இரண்டு தோளும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது, அதனால் உடம்பு தானாகக் குப்புறத் திரும்பும். இங்கே அப்படித் திரும்பினால் முதுகு போகும். முதுகில் ஏறி இரண்டு காலையும் கொக்கி போட்டால் 4 புள்ளி, அடுத்தது கழுத்து. அதற்காக டர்ட்டில் போவதே, அதாவது முட்டிபோட்டு ஆமைபோலச் சுருள்வதே, தப்பு என்று சொல்ல மாட்டேன். 3 விநாடி நிலைநிறுத்துவதற்குள் முட்டிபோட்டுச் சுருண்டுவிட்டால் அவருக்கு பாஸ் புள்ளி வராது, போட்டியில் பல கெட்டிக்காரர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். முழங்கைகளைத் தொடைக்கு உள்ளே வைத்து, உடனே மறுபடி உட்கார்ந்து கார்டுக்குத் திரும்பும் திட்டத்தோடு போங்கள். அங்கேயே இளைப்பாறக் கூடாது.

தலைகீழாகச் சுழல்வது

இன்ஸ்டாகிராமில் பார்க்க அழகாக இருக்கும். வெள்ளை பெல்ட்டில் இதற்கு இவ்வளவு ஆசை தேவையில்லை என்பது என் கருத்து. ஒன்பது மணி நேரம் மானிட்டரை எட்டிப் பார்த்த கழுத்தோடு வந்து, வெளிவட்டச் சாலை நெரிசலில் வார்ம்-அப்பைத் தவறவிட்டு, நேராக ரோலில் இறங்கித் தலைகீழாகச் சுழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டிசம்பர், ஜனவரி காலை வகுப்புகளில் மேட்டே சில்லென்றுதான் இருக்கும். தோள்மேல் உருளும் கிரான்பி ரோல் கற்பதாக இருந்தால் எடை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போக வேண்டும், கழுத்தின் மேல் ஏறவே கூடாது. அவர் நம் இரண்டு தொடையையும் தூக்கி மடித்து ஸ்டாக் செய்யும்போது கழுத்தில் அழுத்தம் தெரிந்தால் யோசிக்காமல் டேப் செய்யுங்கள், அதாவது தட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். பயிற்சியில் போன 3 புள்ளியை யாரும் எழுதி வைப்பதில்லை.

கால்களை எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டும் க்ளோஸ்டு கார்டைப் பற்றி ஒன்றே ஒன்று: அவர் எழுந்து நின்று நம் காலைப் பிரிக்கும்வரை கணுக்காலைப் பூட்டியபடி தொங்கிக்கொண்டிருக்காதீர்கள். அவர் பிரித்தால் அடுத்த அடி அவருடையது. அவர் எழும்போதே நாமாகத் திறந்து, பாதங்களை இடுப்பில் வைத்துவிட்டால் ஆட்டம் நம் கையில் இருக்கும்.

காப்பாற்றிக்கொண்டே இருப்பது

தடுப்பதை மட்டும் செய்தால் எதிராளிக்கு ஒரு பயமும் இல்லை. அவர் சாவகாசமாக ஒன்றன்பின் ஒன்றாக முயன்றுகொண்டிருப்பார், ஏதோ ஒன்று மாட்டும். 2019 ஏடிசிசியில் 77 கிலோ பிரிவு ஆளான லாக்லன் ஜைல்ஸ், எடை வரம்பில்லாப் பிரிவில் தன்னைவிட மிகப் பெரியவர்களைக் கீழேயிருந்து, குதிகாலைப் பிடித்துக் காலை முறுக்கும் ஹீல் ஹுக் போட்டு வரிசையாகத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார். நாம் ஹீல் ஹுக் போட வேண்டியதில்லை, புதியவர்களுக்கு அதற்கு அனுமதியும் இல்லை. ஆனால் கார்டை மீட்ட உடனே ஒரு ஸ்வீப்பையோ (கீழேயிருந்து புரட்டுவதையோ) காலர் பிடியையோ காட்டினால், அவருடைய அடுத்த பாஸ் அரை விநாடி தயங்கித்தான் வரும்.

பழகும் முறை

கைகொடுத்துவிட்டு முட்டிபோட்டு ஆரம்பிக்கும் ரோலில் கார்டு காப்பாற்றும் வாய்ப்பு ஐந்து நிமிடத்தில் இரண்டு மூன்று தடவைதான் வரும். அதை வைத்துத் தேறுவதற்கு நாளாகும். அதற்குப் பதில் பாதி வழியிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் இரண்டு பேன்ட் பிடியோடு நிற்கட்டும், அல்லது நீ கட் பாதி வந்த நிலையில் இருக்கட்டும். இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். பாஸ் ஆனால் நிறுத்தி, அதே இடத்திலிருந்து மறுபடி. நாம் புரட்டிவிட்டாலும் மறுபடி. முதல் வாரத்தில் மாற்றி மாற்றி எல்லா பாஸையும் எதிர்கொள்ளாமல், ஒரே பாஸை மட்டும் போடச் சொல்லுங்கள். நம் எடைக்காரர் ஒருவரோடு, பாதி வேகத்தில் தொடங்குவது நல்லது. முழங்கை விலகாமல் இருக்கப் பழகியதும் வேகத்தைக் கூட்டலாம். அந்த 90 கிலோக்காரரைக் கடைசி ரவுண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கும்.