பழைய ஜாஸ் தட்டைக் கழுவும் முன்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ஜாஸ் இசைத்தட்டு கிடைத்தால், ஆசையில் உடனே ஊசியை வைத்துவிடாதீர்கள். முதலில் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்றிருந்தால் பெரும்பாலும் அரக்குத் தட்டு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும், பாட்டும் போச்சு. 1948-இல் வந்த 33⅓ சுற்று எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு) வினைல் என்ற பிளாஸ்டிக் ரகம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மெல்லிய துணியால் தட்டின் வரிப்பள்ளம் போகும் போக்கில் வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் நீரால் ஒருமுறை. நடு லேபிள் நனையக் கூடாது. நான் குழாயடியில் பிடித்து ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் பெயரையே அழித்தவன்!

ஐப்பசி மழையில் உறைகள் பூஞ்சை பிடிக்கும். ஈரச் சுவரை ஒட்டாமல், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள்.